நீலகிரி கோடை விழா: கூட்டம் ஊட்டிக்கு, என் ஓட்டு கோத்தகிரிக்கு

ஏப்ரல் பாதி தாண்டியதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஊட்டி மலர்க்கண்காட்சிக்குப் போகலாமா, ரொம்பக் கூட்டமா இருக்குமா?" கூட்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் போகலாம். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் குன்னூர் பழக்கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி இரண்டில் ஒன்றையாவது சேர்த்துப் பாருங்கள் என்பேன். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கோத்தகிரிக்குப் போங்கள். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோயம்புத்தூரில் மொட்டைமாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளியும் கத்தரியும் ரோஜாவும் தொட்டியில் வளர்க்கிறவளுக்கு இந்தக் கண்காட்சிகளில் பூவைவிடப் பூவை வளர்த்த கை முதலில் கண்ணில் படும். இந்த மதிப்பீடும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

கோடை விழா என்பது ஒரே இடத்தில் ஒரே நாளில் நடப்பது இல்லை. மே மாதம் முழுக்க மாவட்டத்தின் வெவ்வேறு ஊர்களில் தோட்டக்கலைத் துறை நடத்தும் கண்காட்சிகளின் வரிசை அது. வழக்கமாக மாதத் தொடக்கத்தில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, அதையொட்டிக் கூடலூரில் ஏலம், மிளகு போன்ற வாசனைத் திரவியங்கள், ஊட்டியில் ரோஜா, மாத நடுவில் தாவரவியல் பூங்காவில் மலர், கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம். தேதிகள் வருடா வருடம் மாறும், வரிசைகூடச் சில வருடம் மாறிவிடும். அறிவிப்பு வந்தபிறகு அறை போடுவதுதான் நல்லது.

முதலில் ஊட்டியையே பார்த்துவிடுவோம். 2025இல் நடந்தது 127வது மலர்க்கண்காட்சி. பூங்கா அதைவிடப் பழையது. 1848இல் தொடங்கி, மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்கலைஞர் மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்தி உருவாக்கியது. சுமார் 22 ஹெக்டேர். கீழ்ப்புல்வெளியோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே ஏறினால் இத்தாலியன் பூங்கா, 2 கோடி ஆண்டுப் பழமை என்று எழுதி வைத்திருக்கும் கல்லாகிப்போன மரம், உச்சியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து என்று போய்க்கொண்டே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல்பகுதி சிரமம்.

கண்காட்சி நாட்களில் எல்லோரும் படம் எடுப்பது பிரம்மாண்டமான மலர் உருவங்களைத்தான். 2024இல் மலை ரயிலும் டிஸ்னி உலகமும் செய்திருந்தார்கள். 2025இல் சோழர் அரண்மனை. லட்சத்துக்கும் மேல் கார்னேஷன், ரோஜா என்று கொய்மலர்களை, அதாவது காம்போடு வெட்டியெடுத்த பூக்களை, செருகிச் செய்கிறார்கள். முதல் நாள் காலையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலும் மழையும் பட்டபிறகு ஓரங்கள் பழுப்பேறி, பார்க்கவே பாவமாக இருக்கும். எனக்கு இந்த உருவங்களில் அவ்வளவாக மனம் ஒட்டுவதில்லை.

நான் நேராகப் போவது மலர்மாடத்துக்கு. ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்கடுக்காக ஏற்றி வைத்திருக்கும் இடம் அது. அங்கே கால்சியோலேரியா என்று ஒரு பூ உண்டு. கட்டைவிரல் அளவில் ஊதிய குட்டிப் பை போல இருக்கும். மஞ்சள் பையின் மேல் அரக்கு நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பூவின் புள்ளிக் கோலம் பக்கத்துப் பூவில் இருக்காது. இலை அகலமாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. தண்ணீர் ஒரு துளி அதிகமானாலும் அழுகிவிடும் ஜாதி என்று பார்த்தாலே தெரிகிறது. அத்தனை தொட்டியில் ஒன்றின் அடியிலைகூட மஞ்சளித்திருக்கவில்லை. செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அது என்ன உழைப்பு என்று.

என் மாமியார் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அங்கே தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஊழியரிடம், "ஏனுங் தம்பி, இது எங்கூர்ல வருமுங்களா?" என்று கேட்டார்.

"வராதுங்கம்மா. இதுக்கு ராத்திரிக் குளிர் வேணும். உங்க ஊரு வெயில்ல ஒரு நாள் தாங்காது."

"அப்புறம் நீங்க எப்போ விதை போட்டீங்க?"

"டிசம்பர்லயே ஆரம்பிச்சிட்டோம். ஒவ்வொன்னுக்கு ஒவ்வொரு கணக்கு."

அந்தக் கணக்குதான் இந்தக் கண்காட்சியின் உயிர். ஒரு செடி பூக்க ஐந்து மாதம், இன்னொன்றுக்கு மூன்று மாதம். எல்லாம் மே நடுவில் ஒரே வாரத்தில் மலர வேண்டும். அதனால் ஒவ்வொரு ரகத்தையும் பின்னிருந்து எண்ணி வெவ்வேறு தேதியில் விதைக்கிறார்கள். நாற்று சின்னதாக இருக்கும்போதுதான் ஊட்டியில் உறைபனிக் காலம். இரவில் பனி விழுந்து இலை கருகாமல் இருக்கக் கோத்தகிரிப் பக்கமிருந்து மிலாறு என்னும் செடியின் தழையைக் கொண்டுவந்து பாத்திகளை மூடுகிறார்கள். காலையில் வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். மே மாதம் நாம் ஐந்து நிமிஷத்தில் கடந்துபோகும் வரிசைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. இதை ஒரு பெரிய பலகையில், படத்தோடு, தமிழில் எழுதி வைத்தால் குழந்தைகளுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! செடிகளின் பெயர்ப்பலகையும் பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும்தான். துறையினர் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டத்தைப் பற்றி. சனி, ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் உள்ளே போனால் நீங்கள் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை. காலையில் திறந்த கையோடு போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் தொட்டிகள் பனி ஈரத்தோடு இருக்கும், படத்துக்கும் அந்த வெளிச்சம்தான் நல்லது. இன்னொரு வழி, கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் ஒரு வாரநாளில் போவது. கொய்மலர் உருவங்கள் இருக்காது, ஆனால் பாத்திப்பூக்கள் அப்படியே இருக்கும், மாடத்துத் தொட்டிகளும் பெரும்பாலும் இருக்கும். நுழைவுக் கட்டணமும் விழா நாட்களைவிடக் குறைவு.

தங்குவதுதான் ஊட்டியில் பெரிய தலைவலி. சேரிங்கிராஸ் பக்கம் ஒரு லாட்ஜில் போனில் ஒரு வாடகை பேசிவிட்டு, நேரில் போனதும் "சீசன் ரேட்" என்று அதைவிட அதிகமாகக் கேட்டார்கள். வெந்நீர் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இரவில் எங்கே அலைவது என்று கொடுத்துவிட்டோம். வாடகை, வெந்நீர் நேரம், வண்டி நிறுத்தும் இடம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் அனுப்புங்கள்.

ரோஜாப் பூங்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலர்க்கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995இல் அமைத்தது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம். 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த பூங்கா விருது கொடுத்திருக்கிறது. ரகங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் மே நடுவில் ஒரு மழை அடித்தால் இதழெல்லாம் கறுத்துவிடும். மழைக்கு முன் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்து குன்னூர். சிம்ஸ் பூங்கா 1874இல் உருவானது, 12 ஹெக்டேர். ஊட்டி பூங்கா மேலே ஏறும், இது கீழே இறங்கும். நுழைவாயிலிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கிக் குளத்தில் போய் முடியும். பெரிய பெரிய மரங்கள். ருத்ராட்ச மரம் ஒன்று உண்டு, என் மாமியார் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மரநிழலுக்காகவே இந்தப் பூங்காவை ஊட்டியைவிட ஒரு படி மேலே வைப்பேன்.

பழக்கண்காட்சியில் திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி என்று டன் கணக்கில் அடுக்கி யானை, மயில், கோபுரம் எல்லாம் செய்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒரே குஷி. எனக்கு ஒரு வருத்தம். அந்த உருவங்களில் உள்ள பழங்கள் பெரும்பாலும் சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வந்தவை. இந்த மலைக்கே உரிய பழங்கள் ஓரத்து மேசைகளில் தட்டுத் தட்டாக இருக்கின்றன: பிளம்ஸ், பீச், பேரி, மரத்தக்காளி, பட்டர் ஃப்ரூட். உண்மையில் கண்காட்சி அங்கேதான். காட்டுப் பழங்களான தவிட்டுப்பழமும் விக்கிப்பழமும் எத்தனை பேருக்குத் தெரியும்? தவிட்டுப்பழம் மேலே கருநீலமாக, உள்ளே இனிப்பும் லேசான துவர்ப்புமாக இருக்கும், தின்றால் நாக்கு நிறம் மாறும். கிடைக்கும் காலத்தில் சாலையோரத்தில் சின்னப் பொட்டலமாக விற்பார்கள். ஆயிரம் கிலோ திராட்சையில் மயில் செய்வதற்குப் பதில் இவற்றுக்கு ஒரு பெரிய அரங்கு கொடுத்து, ருசி பார்க்கவும் வைத்தால், இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாத பழக்கண்காட்சியாக அது ஆகிவிடும்.

இப்போது கோத்தகிரி. நேரு பூங்கா சின்னது, அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். பூங்காவுக்குள்ளேயே கோத்தர் பழங்குடியினரின் கோயில் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று மரியாதையோடு பார்த்துவிட்டு வர வேண்டிய இடம். காய்கறியில் செய்த உருவங்கள் இங்கேயும் உண்டு. நான் சொல்ல வருவது அவற்றை இல்லை. விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து வைக்கும் மேசைகள்தான் எனக்கு இந்த விழா முழுக்கப் பிடித்த இடம்.

கேரட், பீட்ரூட், நூல்கோல், டர்னிப், முட்டைகோஸ், மேரக்காய், பூண்டு, உருளை, பட்டாணி, கூடவே இப்போது நிறையப் பேர் போடும் ப்ரோக்கோலி, சுகினி, லீக்ஸ், செலரி. கடையில் நாம் பார்க்கும் கேரட் கழுவி வழவழவென்று வரும். அங்கே ஒரு மேசையில் கழுவாமல் ஒரு பிடி வைத்திருந்தார்கள். தழை முழங்கை நீளம், கிழங்கில் செம்மண் அப்பிக்கிடக்கிறது. மண்ணை விரலால் துடைத்ததும் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று வந்தது. ஒடித்துப் பார்த்தால் டப்பென்று சத்தம், நடுத்தண்டு மெல்லியதாக, வெளிச்சதை போலவே நிறமாக இருந்தது. நடுத்தண்டு வெளுத்துத் தடித்திருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம், இனிப்பு இருக்காது என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் சொல்லிக்கொடுத்தார். இதற்குப் பிறகு உழவர் சந்தையில் நான் கேரட் வாங்கும் விதமே மாறிவிட்டது.

"இவ்வளவு நல்லா விளைஞ்சிருக்கே, விலை கிடைக்குதுங்களாய்யா?" என்று கேட்டேன்.

"மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனாத்தான் தெரியும்மா. அறுத்தாச்சுன்னா கொடுத்துத்தான் ஆகணும், வச்சிருக்க முடியுமா?" என்றார். அறுவடை ஆள்கூலி, கேரட் கழுவும் எந்திரத்துக்குக் காசு, மூட்டை, லாரி வாடகை எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவர்களுக்கு. அதைப் பேசிக்கொண்டே என் பெண் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்து, "கழுவிட்டுத் தின்னு கண்ணு" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஊட்டியில் இப்படி நின்று பேச முடியாது. அங்கே பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே இருப்பார்கள். கோத்தகிரியில் ஒரு மேசைக்குப் பத்து நிமிஷம் நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வளர்த்தவரே பக்கத்தில் நிற்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். வேறென்ன வேண்டும்? ஒரே குறை, விலைக்கு வாங்கிப்போக அரங்குகள் போதாது. அந்தக் காய்கறிகளைப் பார்த்துவிட்டு வெறும் கையோடு இறங்க மனம் வருவதில்லை. விவசாயிகளே நேரடியாக விற்க ஒரு வரிசை ஒதுக்கினால் இரண்டு பக்கமும் லாபம்.

கண்காட்சி முடித்துவிட்டு நேரம் இருந்தால் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இருக்கிறது. 1819இல் இந்த மலைக்கு வந்த கோவை கலெக்டர் அவர். நீலகிரியில் இங்கிலீஷ் காய்கறி வந்த கதையை அங்கிருந்து தொடங்கினால் மேசையில் பார்த்த முட்டைகோஸுக்கும் ஒரு பின்கதை கிடைக்கும். லாங்வுட் சோலை என்ற மலைக்காடும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

போக்குவரத்து பற்றி, ஏனென்றால் பலரும் சிக்குவது இங்கேதான். சொந்த வண்டி, வாடகை வண்டி எதில் போனாலும் இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்னரே பதிவு செய்து வாங்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். முன்னரே பதிவு செய்யாமல் கல்லாறு சோதனைச்சாவடியில் போய் நிற்காதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. சீசனில் பொதுவாகப் பர்லியார், குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். எங்களைப் போலக் கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுவதே நிம்மதி. கோத்தகிரி, குன்னூர் இரண்டும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், அறைச் செலவே இல்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போனால் வழியெங்கும் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

மலை ரயில் கிடைத்தால் விடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை. 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை வந்தது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது குரங்குகள் ஜன்னல் வரை வரும், கையில் தின்பண்டம் வைத்திருக்காதீர்கள். மே மாத டிக்கெட் பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் குன்னூர் ஊட்டி இடையே மட்டும் முயலலாம். வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று அந்தத் துண்டும் அழகுதான்.

மே மாதத்தில் கூட்டமே வேண்டாம் என்கிறவர்களுக்கு, செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் இருக்கிறது. தாவரவியல் பூங்காவில் மறுபடி தொட்டிகள் அடுக்குவார்கள். ஆயுத பூஜை விடுமுறையைத் தவிர்த்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் பர்லியார் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும், ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய மலை இது, வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. பனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைகுந்தாவுக்குப் போங்கள். புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும், வெயில் வந்த சிறிது நேரத்தில் காணாமல்போகும். அதே பருவத்தில்தான் இந்த மலையில் வாழும் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் திருவிழா. கோத்தகிரி பக்கம் பேரகணியில் வெள்ளை உடுத்திச் சாரிசாரியாக வருவார்கள். அது சுற்றுலாவுக்காக நடப்பது இல்லை, அவர்களின் வழிபாடு. போகிறவர்கள் அடக்கமாக உடுத்தி, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, விழா அரங்குகளில் பஜ்ஜியும் சோளமும் எல்லா ஊர்போலத்தான். வர்க்கி என்ற மொறுமொறு பேக்கரிப் பண்டம் மட்டும் வாங்குங்கள். 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விறகு அடுப்பில் போடும் பேக்கரியாகக் கேட்டு, அன்று போட்டதா என்று விசாரித்து வாங்கினால் மொறுமொறுப்பு சில நாள் நிற்கும்.

மதிப்பெண் கேட்டால்: கோத்தகிரிக்கு ஐந்துக்கு நாலரை, குன்னூருக்கு நாலு, ஊட்டி மலர்க்கண்காட்சிக்கு வாரநாள் என்றால் நாலு, ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டரை.

கடைசியாக, மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூங்கா வாசலிலும் ரோட்டோரத்திலும் பூத்த செடிகளைத் தொட்டியோடு விற்பார்கள். ஹைட்ரேஞ்சியா, பிகோனியா, ஜெரேனியம் எல்லாம் அங்கே பார்க்கப் பிரமாதமாக இருக்கும். மே வெயிலில் அவற்றைக் கோவைக்கோ ஈரோட்டுக்கோ இறக்கினால் இரண்டு வாரத்தில் தொட்டிதான் மிஞ்சும், அப்படி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெட்டூனியா, சால்வியா, டயாந்தஸ் விதைப் பொட்டலம் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் விதைத்தால் தையில் நம் மாடியிலேயே பூக்கும்.